அரை நாள் விருந்தாளிகளுக்கு

உல்லாசக் கப்பலில் வந்து புதுச்சேரிக் கரையில் இறங்கப்போகும் பயணிகளுக்கு,



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கப்பல் கரைக்கு வராது. அவ்வளவு பெரிய கப்பலை அணைக்கும் ஆழமோ துறையோ இங்கே கிடையாது. கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து உங்களைச் சிறு படகுகளில் ஏற்றி உப்பளம் துறைமுகத்தில் கொண்டுவந்து விடுவார்கள். படகு மாறும்போது சிலருக்குக் கால் கூசும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். 'கப்பல் நிறுத்த இடமில்லாத ஊருக்கு எதற்குக் கூட்டிவந்தார்கள்?' என்று யாராவது முணுமுணுப்பார்கள். அந்தப் படகுச் சவாரியைக் குறையாக நினைக்காதீர்கள். புதுச்சேரிக்குக் கடல் வழியே வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

நீங்கள் வரலாமா கூடாதா என்று இந்த ஊர் வெகுநாள் வாதாடியதும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. 2022 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து முதன்முதலாகக் கிளம்பியபோது, விசாகப்பட்டினத்தோடு புதுச்சேரியும் பயணத் திட்டத்தில் இருந்தது. சூதாட்டம், குடி, கலாசாரம் என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் இங்கே கால் வைக்காமலே போனார்கள். மூன்று வருடம் கழித்து, 2025 ஜூலை 4 அன்று, கப்பல் மறுபடி வந்து நின்றது. இந்த முறை ஆட்கள் இறங்கினார்கள், ஊரைச் சுற்றினார்கள், மாலையோடு போனார்கள். அன்றைக்கும் எதிர்ப்புக் குரல் இருந்தது.

அனுமதித்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தவர்களில் மீனவர்கள் சொன்னதை நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும். வீட்டில் கடன் ஏறும். தடை முடிந்து கடலுக்குப் போக ஆரம்பித்து மூன்றே வாரத்தில் ஜூலை 4 வருகிறது. பாடு கிடைக்கும் நேரத்தில் வலை விரிக்கும் கடலில் 211 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று வந்து நின்றால், வலைக்குச் சொந்தக்காரன் கவலைப்படத்தான் செய்வான். சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக்கூடாது என்பது சர்வதேச விதி. நீங்கள் காசு கொடுத்து வரும் பயணிகள். 'எங்கள் கப்பலின் கழிவு எங்கே போகிறது?' என்று கப்பலில் நீங்களே கேட்கலாம். எங்கள் மீனவர் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

இன்னொரு செய்தி. அந்த 'எம்பிரஸ்' கப்பல் கட்டப்பட்டது பிரான்சு நாட்டில், சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில். 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல் அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கப்பல் முப்பத்தைந்து வயதில் வந்து சேர்ந்தது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களும் இங்கே தூரத்தில்தான் நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஓடியது சலங்கு. அதைக் கட்டிய விதம் அருமையானது: பலகைகளை ஆணி அடித்து இறுக்காமல், ஓரத்தில் துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைப்பார்கள். தைத்த இடுக்கில் நார் அடைப்பார்கள். ஆணி அடித்த படகு எங்கள் கரையின் அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு அலைக்கு வளைந்து கொடுத்து, நெளிந்து, மணலில் வந்து உட்காரும். அதை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் மீனவக் குப்பத்து ஆட்கள். அவர்கள் ஏற்றிக்கொள்ளாவிட்டால் கவர்னராக இருந்தாலும் கப்பலிலேயே கிடக்க வேண்டியதுதான். 1742 ஜனவரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, யார் இறங்கினார் என்பதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நீங்கள் ஊரில் நடக்கும்போது ரங்கப் பிள்ளை வீதி என்ற பலகையைப் பார்ப்பீர்கள். அவர் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் அந்த நாட்குறிப்பின் காலத்தில் நடக்கும் நாவல்கள். கப்பலில் ஏறுமுன் ஒன்றையாவது படித்துவிட்டு வந்தால், இறங்கிய இடத்திலேயே உங்களுக்குப் பாதி ஊர் பழக்கமாகிவிடும்.

பிறகு 1866-ல் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டினார்கள். 1910 ஏப்ரல் 4 அன்று 'டூப்ளே' என்ற நீராவிக் கப்பலில் அரவிந்தர் வந்தது அந்தப் பாலத்தின் காலத்தில். 1952 புயல் பாலத்தைக் கொண்டுபோனது. காந்தி சிலை அருகே நின்று பார்த்தால், அலைக்கு நடுவே அதன் கம்பங்களில் மிச்சம் மீதி தெரியும். பிறகு தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் கட்டிய பாலத்திலும் ஒரு பகுதி 2022-ல் இடிந்து விழுந்தது. இந்தக் கடல் எதையும் நிலையாக விட்டுவைப்பதில்லை.

வந்தவர்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். உங்கள் வழிகாட்டியும் சொல்வார். இதே மணலிலிருந்து போனவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதியை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த முப்பது வருடங்களில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், ரீயூனியனுக்கு அதைவிட அதிகம். பெரும்பாலானவர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியே போன தமிழர்கள். பலர் திரும்பி வரவே இல்லை. இன்றைக்குக் கரீபியத் தீவுகளில் சுற்றும் பெரிய உல்லாசக் கப்பல்கள் மார்த்தினிக்கின் ஃபோர் தெ பிரான்ஸ் துறையிலும் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறையிலும் நிற்கின்றன. அங்கே அரை நாள் இறங்குகிற பயணிகளுக்குத் தீவின் உணவென்று தட்டில் வைக்கும் 'கொலொம்போ' குழம்பு, அந்தக் கூலிகள் மல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்துப் போட்ட நம் மசாலாக் குழம்புதான். குவாதலூப்பில் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. அங்கே கூலியாக வந்து இறங்கியவர் யார் என்று அறியாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர். நீங்கள் தமிழ் தெரிந்தவர்கள். இங்கே இறங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

உங்களுக்குக் கிடைப்பது அரை நாள். அதை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் இந்த மடலின் காரியம்.

கப்பலிலேயே சுற்றுலாச் சீட்டு விற்பார்கள். பேருந்தில் ஏற்றி ஆரோவில், மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், கடற்கரை, நேரு வீதி என்று ஐந்து இடம். மறுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நடக்க முடியாதவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் ஆரோவில்லை மட்டும் இந்த அரை நாளில் சேர்க்காதீர்கள். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போக வர நெரிசல். மாத்ரிமந்திரின் உள்ளே போக முன்பதிவு வேண்டும். முன்பதிவில்லாமல் போனால் செம்மண் பாதையில் நடந்துபோய்த் தூரத்திலிருந்து தங்க உருண்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். 1968-ல் தொடங்கி இத்தனை வருடம் வளர்ந்த ஒரு முயற்சியை அப்படிப் பார்ப்பது அதற்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை. அதற்கென்று தனியாக இரண்டு நாள் வாருங்கள்.

அந்த நேரத்தை வாய்க்காலைத் தாண்டுவதற்குக் கொடுங்கள். ஊரை நெடுக்காகப் பிளக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், மேற்கே தமிழர்கள். கிழக்குப் பக்கம் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நீங்கள் ஏற்கெனவே ஆயிரம் படங்களில் பார்த்த இடம். துமா வீதியிலும் ரோமன் ரோலன் வீதியிலும் காலை முழுக்கப் படம் எடுத்துவிட்டுக் கப்பலேறிப் போகிறவர்களைப் பார்க்கிறபோது எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கேயும் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசற்படியில் ஏறி நின்று கொண்டு, உள்ளே இருப்பவர் வெளியே வரக் காத்திருக்கும்படி செய்யாதீர்கள். ஆசிரமத்துக்குள் போனால் கைபேசியை அணைத்துவிடுங்கள். நண்பகல் 12 மணிக்குச் சமாதி வாசலை அடைப்பார்கள், 2 மணிக்குத்தான் திறப்பார்கள். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மணக்குள விநாயகர் கோயிலில் யானையைத் தேடும் குழந்தைகள் இருந்தால், முன்பே சொல்லிக் கூட்டிவாருங்கள்: லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்துவிட்டாள். அன்றைக்கு ஊரே தெருவுக்கு வந்து அழுதது.

பிறகு மேற்கே நடங்கள். கல்வே சுப்பராய செட்டி வீதி, நாங்கள் வைசியாள் வீதி என்று சொல்வது, அதில் ஒரு வீட்டின் முன்னே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு: தெருவைப் பார்த்த தாழ்வாரம், போகிற வருகிறவர் உட்காரலாம் என்று விட்ட திண்ணை, மரத்தூண், செதுக்கிய நிலைக்கதவு. அண்ணாந்து பாருங்கள். மேல்தளம் பிரெஞ்சு: சுதையில் எழுப்பிய தூண், வளைவு வைத்த சன்னல், சாய்ந்த பலகைகள் அடுக்கிய கதவு. ஒரே குடும்பம், ஒரே கொத்தனார்கள். கீழே வீட்டு வழக்கப்படி, மேலே காலத்தின் நாகரிகப்படி. கிழக்குப் பக்கத்து வீடுகள் உயர்ந்த மதிலை எழுப்பித் தெருவுக்கு முகத்தை மறைத்துக்கொள்ளும். இவையோ தெருவோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. இந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. விருது கிடைத்த வீதி இது. கிடைக்காத வீதிகளில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. வந்து பார்ப்பவர்கள் மேற்குப் பக்கமும் வந்தால்தான், வீட்டுக்காரர்களுக்கும் அதைக் காப்பாற்றி வைக்கக் காரணம் இருக்கும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீடு இருக்கிறது. 1908-ல் வந்தவர், 1918 வரை இங்கே இருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டுக்கும் நடந்தே போகலாம். தெற்கே இறங்கினால் காஜியார் வீதி, முல்லா வீதி என்று இஸ்லாமியர் வீதிகள். அங்கேயும் வீடுகளின் அழகு தனி. எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒரு வீதியை முழுக்கப் பாருங்கள், போதும்.

பெரிய மார்க்கெட்டுக்குள் கட்டாயம் போங்கள். மீன் பகுதியில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி வைத்து விற்கும் அம்மாக்களில் பலர் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். உங்கள் படகு கடந்து வந்த கடலில் பிடித்த மீன் அது. கப்பலுக்கு மீன் கொண்டுபோக முடியாது, வடகம் வாங்குங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நறுக்கி, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்து மறுபடி பிசைந்து உருட்டி, பல நாள் பக்குவப்படுத்தியது. உருண்டையைக் கையில் எடுத்தாலே வாசனை விரலில் ஏறிவிடும். மீன் குழம்பில் கடைசியாக இதைத் தாளித்துக் கொட்டுகிற வீட்டை, தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். பிரான்சிலும் பெரிய சமையற்காரர்கள் இதைத் தங்கள் வழியில் செய்து பயன்படுத்துகிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மையும் வாங்கலாம். புவிசார் குறியீடு பெற்றது, பையில் கனக்காது.

மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடாதீர்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கப்பல் கட்டணத்திலேயே சாப்பாடும் சேர்ந்திருப்பதால் பலர் அப்படிச் செய்கிறார்கள். சுற்றுலாச் சீட்டும் கப்பலில், சாப்பாடும் கப்பலில் என்றால், ஆயிரம் பேர் வந்த ஊருக்கு மிஞ்சுவது நெரிசல் மட்டும். ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிடுங்கள். ஆட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், பேசியதைக் கொடுங்கள். டெம்போவில் ஏறினால் இன்னும் மலிவு, பக்கத்தில் உட்கார்பவரிடம் பேச்சும் கிடைக்கும். 'பாண்டிச்சேரி' என்றாலே மதுக்கடை என்று நினைத்து வருபவர்களிடம் ஒன்று சொல்வேன்: கப்பலிலும் அது கிடைக்கும். அதற்காகக் கரையில் ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள்.

உப்பளத்திலிருந்து முதலியார்பேட்டை பக்கம் வண்டி போனால், மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளைப் பார்ப்பீர்கள். ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சோறு போட்டவை. ஏ.எஃப்.டி. ஆலை 2020-ல் மூடப்பட்டது. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் என்று எங்கள் ஊரார் பெருமையோடு சொல்வார்கள். உங்கள் கப்பல் அறையைத் துடைத்துப் படுக்கை விரிக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறார், துறைமுகத்தில் உங்களைக் கைபிடித்து இறக்கிவிடும் ஆளுக்கு அன்றைக் கூலி என்ன என்று விசாரியுங்கள். ஆலை போன பிறகு இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு வேலை தருவது சுற்றுலாதான். கப்பலை நான் வரவேற்பதும் அவர்களுக்காகத்தான். அந்த வேலை நாள் கூலியாகவே நின்றுவிட்டால், வந்த கப்பலால் எங்களுக்கு என்ன?

துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-களின் பின்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். எங்கள் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ஊரின் கடற்கரையே காணாமல் போய், கருங்கல் குவியல்தான் மிச்சமிருந்தது. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலைநகர் மீனவர்களுக்குப் படகு ஏற்ற, வலை உலர்த்த இடமில்லை. அதற்கும் வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களில் வீடுகளே கடலுக்குள் போயின. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகு, நகரின் கரையில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இனி பெரிய கப்பல் வர வேண்டும் என்று ஆழம் தோண்டவோ புதுச் சுவர் எழுப்பவோ பேச்சு வந்தால், பயணிகளாகிய நீங்களும் எங்களோடு சேர்ந்து வேண்டாம் என்று சொல்லுங்கள். தூரத்தில் கப்பல், கரைக்குச் சிறு படகு. இந்த ஏற்பாடு இந்தக் கரைக்குப் பொருந்தும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர் விழிப்பதே மாலையில்தான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்; மறுநாள் காலை 7.30 வரை அது நடப்பவர்களுடையது. தாத்தா பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள், குப்பத்து மக்கள், வேலை முடிந்து வந்தவர்கள், எல்லாரும் அங்கே வந்துவிடுவோம். இருட்டுமுன் உங்களைக் கப்பலேற்றிவிட்டால், நீங்கள் பார்ப்பது வெயிலில் வாடிய ஊரை மட்டும்தான். பயணம் முடிந்ததும் உங்களிடம் கருத்துப் படிவம் தருவார்கள் அல்லவா? அதில் புதுச்சேரிக்கு நேரே, இரவு 9 மணி வரை வேண்டும் என்று எழுதுங்கள். இருட்டில் படகு மாற்றுவது ஆபத்து என்று மறுத்தால், அது நியாயமான மறுப்பு. அப்படியானால், விரும்புகிறவர்கள் பயணத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி கேளுங்கள். கப்பல் அடுத்துப் போகப்போவது சென்னைக்குத்தானே? ஈ.சி.ஆர். சாலையில் பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்தில் நீங்களும் சென்னையில் இருப்பீர்கள். பெட்டியைப் படகிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அன்றிரவு இங்கே தங்கிவிட்டு மறுநாள் போகலாம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஒருத்தி